கடைப்பூனையின் மருந்துக் கணக்கு



கம்போங் மேடானிலும், பழைய கிள்ளான் சாலை நெடுகிலும், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளங்களிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவரில் பூனை இல்லாத கடையைக் காண்பது அரிது. அரிசி மூட்டையும் பருப்புச் சாக்கும் கருவாட்டுக் கூடையும் இருக்குமிடத்துக்கு எலி வரும். எலியால் வரும் நஷ்டம் மூட்டையில் விழும் ஓட்டையோடு நிற்பதில்லை. மலாய்க்காரர்கள் 'கென்சிங் தீக்குஸ்' என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் எலியின் சிறுநீரால் பரவி ஆளையே கொன்றுவிடக்கூடியது. பூனை நடமாடும் கடையில் சுண்டெலி துணிந்து வெளியே வருவதில்லை. ஆகவே நாம் பூனையை வைத்துக் கொள்கிறோம். அதற்குச் சம்பளம் இல்லை. மீன் தலையும் மிச்சச் சோறுமே கூலி.

அதே பூனைக்கு நோய் வந்தால் என்ன நடக்கிறது? ஓடியாடித் திரியும் வரையில் அது 'நம்ம கடைப் பூனை'. மூக்கில் சளி வடிந்து, மேலெல்லாம் புண்ணாகி, ஒரு மூலையில் சுருண்டு படுத்தவுடன் அது 'தெருப் பூனை' ஆகிவிடுகிறது. கடைப் பையனைக் கூப்பிட்டு, பிஸ்கோத்து அட்டைப் பெட்டியில் போட்டு, பசாரின் பின்புறத்தில் விட்டுவரச் சொல்வோர் உண்டு. கொஞ்சம் மனம் இளகியவர்கள் பிராணிகள் காப்பகத்தின் வாசலில் விட்டுவரச் சொல்கிறார்கள். "அங்கே பார்த்துக் கொள்வார்கள் பாய், கவலைப்படாதீங்க" என்று ஒருவருக்கொருவர் ஆறுதலும் சொல்லிக் கொள்கிறோம்.

அங்கே பார்த்துக் கொள்வது யாருடைய பணத்தில்? இன்றைய பாடத்தின் கேள்வி இதுதான். பூனையை வாசலில் வைத்துவிட்டு வருவதால் அதன் செலவு தீர்ந்துவிடுவதில்லை. நம் பேரேட்டில் இருந்த பற்று இன்னொருவர் பேரேட்டுக்கு மாறுகிறது. அவரைக் கேளாமல் அவர் தலையில் கடனை எழுதுவது வியாபாரத்தில் நியாயமாகாது. தர்மத்திலும் அப்படித்தான்.

மார்க்கம் காட்டும் வழி

பூனையைப் பற்றி ஹதீஸ் நூல்களில் வந்துள்ள செய்திகள் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்தவையே. ஒரு பெண் பூனையொன்றைக் கட்டிப் போட்டு, தானும் உணவளிக்காமல், பூச்சி புழுவைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்டதற்காக வேதனைக்கு ஆளானாள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்ட நாய்க்குக் கிணற்றிலிறங்கித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்டதும், பிராணிகள் விஷயத்திலும் நமக்குக் கூலி உண்டா என்று தோழர்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் உண்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அளித்ததும் அதே இரு நூல்களில் உள்ளன.

அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கப் பூனை வந்தபோது, அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதல்ல, அது நம்மைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும் பிராணிகளில் சேர்ந்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். இது அபூ தாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. 'சுற்றி வருவது' என்ற அந்தக் கருத்தைக் கவனியுங்கள். வீட்டில் சுற்றி வரும் பிள்ளைகளையும் பணியாட்களையும் போல அதையும் எண்ணும்படி அது நம்மைத் தூண்டுகிறது. நம் கடையைச் சுற்றி வருவதும் அதே இனந்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாயகம் (ஸல்) அவர்களிடம் முயஸ்ஸா என்றொரு பூனை இருந்ததாகவும், அது உறங்கியபோது அதை எழுப்ப மனமின்றித் தம் சட்டைக் கையை அறுத்ததாகவும் ஒரு கதை கைத்தொலைபேசிகளில் சுற்றி வருகிறது. இது ஏற்கத்தக்க ஹதீஸ் நூல் எதிலும் இல்லை. நல்ல காரியத்துக்காகவும் நாயகத்தின் பேரில் இல்லாததைச் சொல்லக் கூடாது. ஆதாரமுள்ள செய்திகளே நமக்குப் போதும்.

பிராணியை வைத்திருப்பவன் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது கடமை என்பதும், கொடுக்க மறுத்தால் அதிகாரி அவனை அதற்குக் கட்டாயப்படுத்தலாம் அல்லது விற்கச் செய்யலாம் என்பதும் நம் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளில் செலவுக் கடமை பற்றிய பாடத்தில் சொல்லப்பட்டவை. மருந்துச் செலவு எந்த அளவுக்குக் கடமை, எந்த அளவுக்கு உபகாரம் என்பதை ஆலிம்களிடம் கேட்டறிக. வேலை வாங்கிக் கொண்டு, நோயில் கைவிடுவது நம் மார்க்கத்தின் குணமல்ல என்பதைச் சொல்ல மட்டும் பெரிய படிப்பு தேவையில்லை.

நாட்டுச் சட்டம்

மலேசியாவில் 2015-ம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம் இயற்றப்பட்டு, 2017-ல் அமலுக்கு வந்தது. 772-ம் எண் சட்டம் அது. பிராணியை நோவிலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உடையவரின் கடமைகளில் ஒன்று என்று அச்சட்டம் கூறுகிறது. பிராணியைக் கொடுமைப்படுத்தினால் இருபதாயிரம் வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உடையவர் என்பதற்கு விலை கொடுத்து வாங்கியவர் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. பிராணியைத் தம் வசத்திலும் பொறுப்பிலும் வைத்திருப்பவரும் அதில் அடங்குவார். "நான் வாங்கவில்லை, அதுவாக வந்தது" என்ற பதில் நினைத்த அளவுக்கு உதவாது.

உணவுக்கடைச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: உணவு சமைக்கும் இடத்திலும் பரிமாறும் இடத்திலும் பிராணிகளை நடமாட விடலாகாது. பூனையை ஆதரிக்க விரும்பினால் கடைக்கு வெளியே இடம் ஒதுக்குங்கள்.

காப்பகத்தின் செலவு எங்கிருந்து வருகிறது?

நம் பகுதியிலிருந்து சென்று வரக்கூடிய தூரத்தில் இரண்டு பழைய ஸ்தாபனங்கள் உள்ளன. அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. 1958 முதலும், சுபாங்கில் பாவ்ஸ் சங்கம் 1987 முதலும் நடந்து வருகின்றன. இவை அரசாங்க இலாகாக்கள் என்றும், நாம் கட்டும் வரியில் நடப்பவை என்றும் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அப்படியல்ல. பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடையை நம்பியே இவை காலம் தள்ளுகின்றன.

மிருக வைத்தியர் பில்லைப் பார்த்து நம்மவர்கள் திடுக்கிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குக் காய்ச்சல் வந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் ஒரு வெள்ளி கொடுத்து மருந்து வாங்கி வருகிறோம். அந்த மருந்தின் விலை ஒரு வெள்ளி அல்ல. மீதியை அரசாங்கம் ஏற்றுக் கொள்கிறது. பூனைக்கு அப்படி ஏற்பார் இல்லை. அதே வகை ஊசி, அதே வகைச் சேலைன், அதே வகை எக்ஸ்ரே. முழு விலையும் கொண்டு வந்தவர் தலையில் விழுகிறது. ஆகவே பில் பெரிதாகத் தெரிவதற்கு வைத்தியரின் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது.

பில்லில் என்னென்ன இருக்கும்? பார்வைக் கட்டணம், இரத்தப் பரிசோதனை, படம் எடுத்தல், சேலைன், தங்கும் நாட்களுக்கான வார்டுக் கட்டணம், மருந்து, ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து. காப்பகத்துக்கு இவற்றோடு இன்னொன்றும் சேரும். புதிதாக வரும் பூனையை மற்றவற்றோடு சேர்க்காமல் சில நாட்கள் தனியே வைக்க வேண்டும். அதற்குத் தனிக் கூண்டு, தனிப் பாத்திரம், தனி ஆள். இரவில் வாசலில் பெட்டியை வைத்துவிட்டு வருவதால் விளையும் தீமை இங்கே விளங்கும். பூனைகளுக்கு வரும் பான்லூக்கோபீனியா என்ற வாந்திபேதி நோயின் கிருமி, நோயாளிப் பூனை போன பிறகும் தரையிலும் துணியிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். சாதாரண சோப்புக்கு அது அசையாது. குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து கழுவ வேண்டும். நாம் விட்டுவந்த ஒரு குட்டி அறை முழுவதிலும் உள்ள குட்டிகளைக் கொன்றுவிடலாம். புண்ணியம் என்று நினைத்துச் செய்தது அங்கே பெரும் நஷ்டமாக முடிகிறது.

முன்கூட்டிக் கொடுப்பதும் பிந்திக் கொடுப்பதும்

சரக்கு கெட்டுப் போன பிறகு செய்யும் செலவைவிட, கெடாமல் வைக்கும் செலவு குறைவு. பூனையின் வைத்தியத்திலும் அதுவே கணக்கு. நான்கு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, மேலே சொன்ன வாந்திபேதியும் பூனைச் சளிநோயும். இரண்டையும் தடுக்க ஒரே தடுப்பூசி உண்டு. குட்டிக்குச் சுமார் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும் போடுவார்கள். ஊசியின் விலை, வார்டில் சேலைன் ஏற்றி ஒரு வாரம் வைத்திருப்பதன் விலையோடு ஒப்பிடத் தக்கதல்ல.

இரண்டாவது, ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சண நோய். மலேசியாவில் இது பெரும்பாலும் பூனைகளிடமிருந்தே மனிதருக்குத் தொற்றுகிறது. பூனையின் மூக்கிலும் காதிலும் கால்களிலும் ஆறாத புண்கள் தோன்றும். அப்பூனை கீறினாலோ கடித்தாலோ நமக்கும் அவ்விடத்தில் கட்டிகள் எழும்பும். இதற்கு இட்ராகோனசோல் என்ற மருந்தைப் பல மாதங்கள் விடாமல் கொடுக்க வேண்டும். புண் ஆறிய பிறகும் ஏறக்குறைய ஒரு மாதம் தொடர வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். இப்படிப்பட்ட ஒரே பூனைக்காகக் காப்பகம் எத்தனை மாதச் செலவைச் சுமக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இந்நோயுள்ள பூனையைத் தெருவில் விடுவதோ, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நோயையே விடுவதற்குச் சமம். கையுறை போட்டுத் தூக்கி, கூண்டில் வைத்து, வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது, கடுவன் பூனைக்கு வரும் நீரடைப்பு. அதன் மூத்திரக் குழாய் மிகக் குறுகியது. அடைத்துக் கொண்டால் அடிக்கடி குந்திக் குந்தி முக்கும், ஒன்றும் வராது, கத்தும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்போர் உண்டு. இரண்டு மூன்று நாளில் விஷம் ஏறிச் செத்துப் போகும். அன்றே கொண்டு போனால் குழாய் விட்டு நீரை இறக்குவார்கள். மறுநாள் போனால் வார்டில் பல நாள் தங்க வேண்டிவரும். நாள் செல்லச் செல்லப் பில்லும் ஏறும், பிழைக்கும் வழியும் குறையும்.

நான்காவது, நம் கடைகளிலேயே விற்கும் பொருள் பற்றியது. பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். மனித ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றுவது போலப் பூனையின் ஈரலால் முடியாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். அதன் ஒரு துண்டும் ஆபத்தே. நாய்க்கு உண்ணி போக விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. யாராவது வாடிக்கையாளர் பூனைக்கென்று பனடோல் கேட்டால், விற்பதை விட்டு விஷயத்தைச் சொல்லி அனுப்புவது நம் கடமை. ஒரு மாத்திரை லாபம் போனால் போகட்டும்.

பெருக்கத்தின் கணக்கு

காப்பகங்களின் பணத்தைக் கரைப்பது தனித்தனி நோய்களைவிடப் பூனைகளின் பெருக்கமே. பெட்டைப் பூனை ஐந்து மாத வயதிலேயே சினையாகக் கூடும். சினைக் காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஈனும்.

கணக்கு விளங்குவதற்காக, ஒரு தாய் வருஷத்துக்கு இரண்டு முறை, முறைக்கு நான்கு குட்டி ஈனுவதாகவும், குட்டிகளில் பாதி பெட்டை என்றும் வைத்துக் கொள்வோம். முதல் வருஷம் எட்டுக் குட்டி. அவற்றில் நான்கு பெட்டை. இரண்டாம் வருஷம் தாயும் நான்கு மகள்களுமாக ஐந்து பெட்டைகள் ஈனுவது நாற்பது குட்டி. கடையில் ஒரு பூனை என்று தொடங்கியது, இரண்டு வருஷத்தில் நாற்பத்தொன்பது உருப்படி. அத்தனையும் பிழைப்பதில்லை என்பது உண்மை. பிழைக்காதவை லாரிச் சக்கரத்திலும், சாக்கடையிலும், நாம் மேலே கண்ட நோய்களிலும் சாகின்றன. பிழைத்தவற்றில் சில அட்டைப் பெட்டியில் காப்பகம் போய்ச் சேருகின்றன.

மலாய்க்காரர்கள் 'கெம்பிரி' என்று சொல்லும் கருத்தடை ஆபரேஷனை ஒரு முறை செய்துவிட்டால் இந்தக் கணக்கு அங்கேயே நின்றுவிடும். இது மார்க்கத்துக்கு ஆகுமா என்று நம்மில் பலர் தயங்குகிறார்கள். மலேசிய தேசிய பத்வாக் குழு 2002-ம் ஆண்டில் இதை ஆராய்ந்து, பொது நன்மைக்காகவும் தீங்கை நீக்குவதற்காகவும் பூனைக்கு இவ்வாறு செய்வது கூடும் என்று முடிவு கூறியிருக்கிறது. ஆகவே அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. வேறு ஊர்களிலும் அனுபவம் இதையே காட்டுகிறது. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959-ல் நிறுவிய ப்ளூ கிராஸ் ஸ்தாபனம், தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யும் முறையை 1964 முதலே கையாண்டு வந்தது. பிறந்த பின் கொல்வதைவிட, பிறவாமல் தடுப்பது இரக்கமும் சிக்கனமும் சேர்ந்த வழி.

அம்பாங் எஸ்.பி.சி.ஏ. போன்ற இடங்களில் வெளியாரின் பூனைக்கும் குறைந்த கட்டணத்தில் இந்த ஆபரேஷன் செய்து தருகிறார்கள். அரசாங்க மிருக வைத்திய இலாகாவின் கிளினிக்குகளும் உண்டு. நோய் கடினமென்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போனாலும், வைத்தியம் செய்பவர் 1974-ம் ஆண்டு மிருக வைத்தியர்கள் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கெய்ரோ நகரத்துத் தோட்டம்

பூனைகளுக்காகப் பொருள் ஒதுக்குவது முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் ஸாஹிர் பைபர்ஸ், கெய்ரோவுக்கு வடக்கே தம் பள்ளிவாசல் அருகிலிருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளின் நன்மைக்காக எழுதி வைத்தார். அதற்குப் 'பூனைத் தோட்டம்' என்றே பெயர் வழங்கியது. ஆதரவற்ற பூனைகளுக்குத் தினமும் காழியின் மன்ற முற்றத்தில் உணவு போடப்பட்டது.

இதை நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். பிற்பகுதியையும் சொல்ல வேண்டும். 1830-களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் அந்தத் தோட்டத்தின் கதியை எழுதி வைத்திருக்கிறார். பழுது பார்க்கப் பணமில்லை என்ற காரணம் காட்டி, வக்பை மேற்பார்க்க வேண்டியவர்களே அதை விற்றார்கள். அது கைமாறிக் கைமாறிப் போயிற்று. கடைசியில் பூனைகளின் பங்காக மிஞ்சியது வருஷத்துக்குப் பதினைந்து பியாஸ்தர் நிலவாடகை மட்டுமே. உணவுச் செலவில் ஏறக்குறைய முழுவதும் காழியின் சொந்தப் பையில் விழுந்தது.

ஒரு சுல்தானின் சொத்தே இப்படிக் கரைந்ததென்றால் காரணம் என்ன? கொடுத்தவரின் மனம் பெரியது; ஆனால் பின்னால் கணக்குக் கேட்பார் இல்லை. விலைவாசி ஏறியது, வரவு ஏறவில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராத தர்மம் இவ்வாறு தேய்ந்து போகும். கணக்கு எழுதத் தெரிந்த வியாபாரிகளாகிய நாம் இந்த இடத்தில்தான் உதவ முடியும்.

கொடுக்கும் முறை

ஒன்று: ஜகாத் பணத்தை இதில் கலக்காதீர்கள். ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகுப்பார் என்று குர்ஆன் ஷரீபில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் அனைவரும் மனிதர்கள். பூனையின் மருந்துக்கு ஸதகாவிலிருந்து கொடுக்க வேண்டும். கடையில் உண்டியல் வைத்தால் அதன் மேல் எதற்கென்று தெளிவாக எழுதி, தனியே பூட்டி வையுங்கள்.

இரண்டு: காப்பகத்துக்குக் கொண்டு போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள். இடமிருக்கிறதா, எப்போது வரலாம், பூனைக்கு என்ன நோவு என்று பேசி முடித்துக் கொண்டு பகலில் கொண்டு போங்கள். போகும்போது மருந்துச் செலவில் நம் பங்கையும் கொண்டு போங்கள். பூனையைக் கொடுத்துவிட்டுப் பணத்தை மறப்பது, சரக்கை இறக்கிவிட்டு லாரி வாடகையை மறப்பது போன்றது.

மூன்று: வருஷத்துக்கொரு முறை ரமலானில் ஐந்நூறு வெள்ளி கொடுப்பதைவிட, மாதந்தோறும் நாற்பது வெள்ளி கொடுப்பது காப்பகத்துக்கு உதவி. மருந்துக் கடைப் பாக்கியும் ஆள் சம்பளமும் மாதாமாதம் வருபவை. நிச்சயமான சிறு வரவை நம்பி ஒரு பூனைக்கு ஆறு மாத வைத்தியம் தொடங்கலாம். நிச்சயமில்லாத பெருந்தொகையை நம்பித் தொடங்க முடியாது.

நான்கு: கைத்தொலைபேசியில் அடிபட்ட பூனையின் படமும் யாரோ ஒருவரின் பாங்கு எண்ணும் வந்தவுடன் பணம் அனுப்பிவிடாதீர்கள். எந்தக் கிளினிக்கில் இருக்கிறது என்று கேட்டு, அங்கேயே அழைத்து விசாரித்து, அப்பூனையின் கணக்கில் கிளினிக்குக்கே நேராகக் கட்டுங்கள். ரசீது வாங்குங்கள். உண்மையாகப் பாடுபடுகிறவர் இதனால் மனம் வருந்தமாட்டார்.

ஐந்து: ஸ்தாபனத்துக்குக் கொடுக்கும்போது, ரசீதில் வருமானவரிச் சட்டத்தின் 44(6)-ம் பிரிவு அனுமதி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மொத்த வருமானத்தில் நூற்றுக்குப் பத்து என்ற வரம்புக்குள் அத்தொகையைக் கழித்துக் கொள்ளலாம். மிச்சமாகும் வரியையும் அதே காரியத்துக்குத் திருப்பிவிடலாம்.

ஆறு: பணமாக மட்டுமல்ல, சரக்காகவும் கொடுக்கலாம். பூனைத் தீனி, வெளுப்பு மருந்து, குப்பைப் பை, கையுறை, பழைய துண்டு, பழைய பத்திரிகை எல்லாம் காப்பகத்துக்குத் தேவை. ஆனால் தேதி கடந்த டின்னைத் தர்மக் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். நமக்கு ஆகாததைக் கொடுப்பது தர்மமாகாது.

ஏழு: நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறு பொது நிதி வையுங்கள். அவரவர் கடைப்பூனைக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் அதன் முதற்செலவாக இருக்கட்டும். மிஞ்சியது காப்பகத்துக்கு. இருவர் கையெழுத்திட்டுப் பணம் எடுக்கட்டும். மாதக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டட்டும். பூனைத் தோட்டத்தின் கதி இதற்கு வராமலிருக்க இதுவே வழி.

இனி ஒரு கடினமான விஷயம். பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் சொல்லும் பூனைகளும் உண்டு. ஊசி போட்டு உயிரைப் போக்குவதா, இருக்கும் வரை நோவைத் தணித்து வைத்திருப்பதா என்ற கேள்வி எழும். வைத்தியரின் சொல்லைத் தெளிவாகக் கேட்டுக் கொண்டு, ஆலிமிடம் போய் முடிவு கேளுங்கள். வைத்துக் கொள்வதென்று முடிவானால், நோவைத் தணிக்கும் மருந்தின் விலையைக் கொடுப்பதும் நம்மைச் சேர்ந்தது. "உயிரைப் போக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மருந்துக்கும் கொடாமல் எழுந்து வருவது, தீர்ப்பை நாம் சொல்லி வேதனையைப் பூனைக்கும் செலவைப் பிறருக்கும் விடுவதாகும்.

சிந்திக்க வினாக்கள்

1. உங்கள் கடையைச் சுற்றி வரும் பூனைகள் எத்தனை? அவற்றில் கருத்தடை ஆனவை எத்தனை?

2. இன்றிரவு அவற்றிலொன்று நோயில் விழுந்தால் எந்த வைத்தியரிடம் கொண்டு போவீர்கள்? அவருடைய தொலைபேசி எண் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா?

3. பனடோல் பூனைக்கு நஞ்சு என்பது உங்கள் கடைப் பையனுக்குத் தெரியுமா?

4. சென்ற வருஷம் நம் தெருவிலிருந்து காப்பகத்துக்குப் போன பூனைகளோடு எவ்வளவு பணம் போயிற்று?

அடுத்த கூட்டத்தில் இவற்றுக்குப் பதில் எழுதிக் கொண்டு வருவோர், பொது நிதியைப் பற்றியும் பேசி முடிவு செய்யலாம். நம் கையால் உண்ணும் வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அல்லாஹுத் தஆலா நம்மை அமானத்தைக் காப்பவர்களாக ஆக்கி வைப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.